ஐந்தாம் தடம்

ஜெசிந்தாவின் எல்லாப் படங்களிலும்
ஓரமாக வருகிற அந்த முழங்கை
என்னுடையது.

கண்டீரவா மைதானத்தில் அவளுக்கு நாலாம் தடம்,
எனக்கு ஐந்து.
நடுத்தடங்கள் வேகமானவர்களுக்கு என்பது விதி.
ஆக, நானும் வேகம்தான்.

எட்டு எட்டு வைத்தால் முதல் தடை.
அப்புறம் மும்மூன்று எட்டு, பத்தாவது வரைக்கும்.
நாலாவது எட்டுக்கு அங்கே இடம் கிடையாது.
பறந்தாள், பாய்ந்தாள் என்று
கேலரியில் உட்கார்ந்தவர்கள் எழுதினார்கள்.
பக்கத்தில் ஓடினவள் சொல்கிறேன்:
கூடத்தில் காயப்போட்ட ஈரத்துணியை
மிதிக்காமல் போகிறவள் மாதிரி
போனாள், அவ்வளவுதான்.
அவள் கால் தரையில் படும் சத்தம்
எனக்கு முதலில் கேட்கும்.
பிறகு என்னுடையது.
ஆறு வருஷம்
அந்த இரண்டு சத்தத்துக்கு நடுவில்தான்
குடியிருந்தேன்.

வெளிநாட்டில் தங்கம் வாங்கி வந்த இரவு
விமான நிலையத்தில் அவள் தலையில்
மைசூர் பேட்டா வைத்தார்கள்.
அது பெரிதாக இருந்தது,
கண் வரைக்கும் இறங்கியது.
கன்னடச் சேனல் ‘நம்ம ஹுடுகி’ என்றது.
தமிழ்ப் பத்திரிகை ‘வீரத் தமிழச்சி’ என்றது.
அவள் மர்ஃபி டவுன்காரி,
இரண்டு பாஷையிலும்
சரளமாகக் கெட்டவார்த்தை பேசுவாள்.
யெலஹங்காவில் ஒரு சைட் தருவதாக
மைக்கில் சொன்னார்கள்.
மைக்கில்தான் இன்னும் இருக்கிறது அந்த சைட்.

என் பெயரும் ஒருமுறை பேப்பரில் வந்தது,
குமுதவள்ளி என்று.
வல்லி, ஐயா. குமுதவல்லி.

பிறகு சிமென்ட் விளம்பரம்.
டின் ஃபேக்டரி சிக்னலில்
நாலு மாடி உயரத்துக்கு அவள்,
கீழே, ‘தடை எதுவானாலும்.’
சிக்னல் விழ இருபது நிமிஷம் ஆகும்.
எங்கள் பஸ் முழுக்க அண்ணாந்து பார்த்தது.
நானும் பார்த்தேன், என் முழங்கையைத் தேடி.
அதை அழித்து
அந்த இடத்தில் கொஞ்சம் வானம் போட்டிருந்தார்கள்.
நல்ல நீலம்.

மூட்டுவலித் தைலத்துக்கும் அவள்தான் சிரித்தாள்.
அந்த வருஷம்தான்
அவள் மூட்டில் தண்ணீர் கோத்திருந்தது.
பயிற்சி முடிந்து படியில் இறங்கும்போது
பக்கவாட்டில் இறங்குவாள், நண்டு மாதிரி.
நான் பார்த்தேன்.
பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை.
அவளுக்காகவா எனக்காகவா
என்று கேட்டால் பதில் இல்லை.

மாநிலப் போட்டி, ஞாயிற்றுக்கிழமை, மேகமூட்டம்.
ஏழாவது தடையில்
முதலில் கேட்கவேண்டிய சத்தம்
கேட்கவில்லை.
மரம் அடிபடும் சத்தம் ஒன்று,
கேலரி முழுக்க ஒரே மூச்சு.
தடையை இடித்தால் குற்றமில்லை,
விதிப்புத்தகத்தில் இருக்கிறது.
பேப்பர்காரர்களிடம் அந்தப் புத்தகம் இல்லை.

எல்லைக்கோட்டில் நான் மட்டும் இருந்தேன்.
நெஞ்சை முன்னால் தள்ளித் திரும்பிப் பார்த்தால்
கேமராக்கள் எல்லாம்
ஏழாவது தடையைச் சுற்றிக்
குனிந்து நிற்கின்றன.

மறுநாள் முதல் பக்கத்தில்
சாம்பியன் சரிந்தார் என்று ஒரு படம்.
உள்ளங்கை ஊன்றி அவள்.
வலது மூலையில் மங்கலாக
ஒரு குதிகால்.

அதை எடிட்டர் கவனித்திருக்கமாட்டார்.
அந்த ஓரத்தை மட்டும் கத்தரித்து
ரயில்வே பாஸுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.
கன்டோன்மென்டில் டிக்கெட் பரிசோதிக்கும்போது
சில நாள் விரலில் தட்டுப்படும்.

அன்று சாயங்காலம் பிசியோ அறைக்குப் போனேன்.
என்ன சொல்வதென்று
வழியில் நாலு வாக்கியம் யோசித்திருந்தேன்.
முட்டியில் ஐஸ் கட்டியோடு படுத்திருந்தவள்
முந்திக்கொண்டாள்:

“எவ்வளவு டி?”

பதிமூணு புள்ளி நாலு ஒண்ணு.

“காத்து?”

லீகல்தான்.

மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே
மனசுக்குள் ஏதோ கழித்தாள்.
“பாட்டியாலாவுல ஓடினதைவிட ஏழு கம்மி,” என்றாள்.

அவ்வளவு கூட்டத்தில்
என் பாட்டியாலா
அவளுக்குத்தான் தெரிந்திருந்தது.